கொக்கு நின்ற இடத்தில் ஒரு ஃப்ளாட்!

ஃபைனல் இயர் நெருங்க நெருங்க எங்கள் காலேஜில் எல்லோருக்கும் ஒரே பிரார்த்தனை. 'ஓ.எம்.ஆர்-ல ஒரு வேலை, பக்கத்துலயே ஒரு ரூம்!' ஆப்டிட்யூட் டெஸ்ட், குரூப் டிஸ்கஷன், ஹெச்.ஆர். ரவுண்ட் என்று நாம் முட்டி மோதிக்கொண்டிருக்க, ஒரு டெஸ்ட்டும் எழுதாமல் வருஷா வருஷம் ஐப்பசி வாக்கில் இதே ஓ.எம்.ஆர். பக்கம் வந்து இறங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனி வரை தங்கும். நன்றாகச் சாப்பிடும். உடம்பைத் தேற்றிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். சொந்த ஊர் என்றால் பக்கத்தில் இல்லை பாஸ்... சைபீரியா, மத்திய ஆசியா, லடாக்!

அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மொத்தம் ஏழு பேர். மூணு பைக், ஒரு ஸ்கூட்டி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர். காலை அஞ்சே முக்காலுக்கு மேடவாக்கம் கூட்ரோடு டீக்கடையில் அசெம்பிளி. எட்டரை மணி கிளாஸுக்கு எட்டே முக்காலுக்கு வருகிற கோஷ்டி, அஞ்சரைக்கே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஹெச்.ஓ.டி. பார்த்திருந்தால் மயக்கமே போட்டிருப்பார்!

கூட்டிப் போனவர் ஒரு ஸ்கூல் வாத்தியார். இருபது வருஷமாக இந்த ஏரிகளைச் சுற்றுகிறவர். 'பேரெல்லாம் போடாதீங்கப்பா' என்று சொல்லிவிட்டதால், இங்கே அவர் வெறும் 'சார்'. இன்னொரு ஆளையும் அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் செட்டில் ஒருத்தனுக்குப் பட்டப்பெயர் 'படகு'. ஏன் அந்தப் பெயர் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

டீக்கடை பெஞ்சில் சார் ஒரு பேப்பரில் ரூட் வரைந்தார். பெரும்பாக்கம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு, கடைசியில் கேளம்பாக்கம், கோவளம். "ஏன் சார், சுத்தி வளைச்சுப் போறோம்?" என்று கேட்டால், "நான் போட்ட ரூட் இல்லப்பா. தண்ணி போட்ட ரூட்" என்றார். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயோடு தெற்கே போய் கோவளம் முகத்துவாரத்தில் கடல். அதே வழியில் நாங்களும் போனோம்.

காலைப் பாருங்க!

முதல் ஸ்டாப் பெரும்பாக்கம். மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் ரோட்டில் வண்டியை ஓரம்கட்டினால் போதும். பனி லேசாகக் கலைந்ததும் ஏரி முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். 'வாத்து... வாத்து' என்று நாங்கள் கத்த, "அது நாமக்கோழி. நெத்தியில வெள்ளையா நாமம் தெரியுதா?" என்றார் சார். தெரிந்தது. அதோடு அந்தப் பெயர் மறக்கவே மறக்காது. தமிழ்ப் பெயர்களே பாதி பாடம் எடுத்துவிடுகின்றன. நத்தையைக் குத்தித் தின்றால் நத்தைகுத்தி நாரை. தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தால் முக்குளிப்பான். கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி வெளியே நீட்டினால் பாம்புத்தாரா.

இலைமேல் நடந்துகொண்டிருந்தது இலைக்கோழி. விரல்கள் நீளம் நீளமாக இருப்பதால் உடம்பின் எடை பரவி, மிதக்கிற இலை மூழ்காது. அதன் வீட்டு விவகாரம் கேட்டு எங்கள் செட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் செம குஷி. பெண் பறவை முட்டையிட்டுவிட்டு 'பை பை' சொல்லிவிடுமாம். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அப்பாதான்!

நாங்கள் கலர் கலராக இறக்கை தேடிக்கொண்டிருந்தபோது சார் சொன்னார். "இறக்கையை அப்புறம் பாக்கலாம். முதல்ல காலைப் பாருங்க."

கரையோரச் சேற்றில் சின்னச் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது கொசு உள்ளான். முப்பது கிராம்கூடத் தேறாத ஆள். ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுவிட்டுக் குளிருக்கு இங்கே வந்திருக்கிறது. அது நிற்கிற இடத்தில் தண்ணீர் நம் விரல் நகம் நனைகிற அளவு. அதற்கு அந்தப் பக்கம் பொறி உள்ளான். அங்கே இன்னும் கொஞ்சம் ஆழம். அதையும் தாண்டி, ரோஸ் கலர் குச்சி இரண்டைக் கட்டிக்கொண்ட மாதிரி நெடுங்கால் உள்ளான். அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு சாண். அதற்கும் அப்பால், அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது மஞ்சள்மூக்கு நாரை. நடுவில் நீந்துகிற வாத்து. எல்லாவற்றையும் தாண்டி, அரை லாரி டயர் சைஸில் மிதக்கிற கூழைக்கடா.

நான் சிவில். எங்கள் சர்வே லேபில் லெவலிங் ஸ்டாஃப் என்று ஒன்று உண்டு. நெட்டையான அளவுகோல். வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் உலகத்திலேயே போரான வேலை. ஒருத்தன் ஸ்டாஃப் பிடிக்க, இன்னொருத்தன் டம்பி லெவலில் கண்ணை வைத்து ரீடிங் எடுப்பான். எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று கணக்குப் போடுவோம். பெரும்பாக்கத்தில் யாரும் சம்பளம் கொடுக்காமலே நூறு பேர் ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே காலே ஸ்டாஃப்.

"நவம்பர் மழையில ஏரி தளும்பும். அப்ப உள்ளான் கம்மி. நிக்க இடம் இருக்காது. தை மாசம் தண்ணி வடிய வடிய சேறு வெளிய வரும், இதுங்க குமியும்" என்றார் சார். ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூழைக்கடா சமாளித்துவிடும். கொசு உள்ளான் எங்கே நிற்கும்?

நெடுங்கால் உள்ளானுக்கு இங்கிலீஷில் 'பிளாக் விங்டு ஸ்டில்ட்' என்று பெயர். "ஸ்டில்ட்டா? எங்க அபார்ட்மென்ட்ல கார் நிறுத்தற ஸ்டில்ட் பார்க்கிங் மாதிரியா?" என்று கேட்டான் படகு. அதே ஸ்டில்ட்தான். சார் சிரித்தார். "அது காலைத் தண்ணிக்குக் குடுத்துட்டு உடம்பை மேல வெச்சிருக்கு. நாம வீட்டை மேல வெச்சுட்டு, காலுக்கு நடுவுல காரை நிறுத்திடறோம்."

எல்லோரும் சிரித்தோம். படகு மட்டும் சிரிக்கவில்லை.

மூணாவது பிளாக்

வந்த வழியே திரும்பி, மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணை. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் ரோடு சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஓரமாக நின்றோம். முதலில் வந்தது வாசனை. பெருங்குடி குப்பைக் கிடங்கு உபயம். 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மேலே கள்ளப்பருந்துகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு பைனாகுலரைத் திருப்பினால்... அடேங்கப்பா! தூரத்தில் வெளிர் ரோஸில் ஒரு கோடு. கோடு அசைகிறது. பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, சேற்றுத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இந்தியாவில் இவை பெரிய அளவில் கூடு கட்டுகிற இடம் குஜராத்தின் கட்ச். பைனாகுலருக்கு க்யூ நின்றது. 'ஆளுக்கு ஒரு நிமிஷம்' என்று ரூல் போட்டும் ஒருத்தி தரவே இல்லை.

இந்த இடத்தை ஊர்ப் பெரியவர்கள் கழுவெளி என்பார்கள். தண்ணீர் வந்து பரவித் தங்குகிற வெளி. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுகிற மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளைத் தாண்டி இங்கேதான் வந்து சேரும். 1965 வாக்கில் இந்தச் சதுப்பு நிலம் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர். ஒரு பகுதியை 2007-ல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை ஏறியபோது, கணக்கில் வந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். பழைய அளவில் கால்வாசிகூட இல்லை. மீதி எங்கே என்று தேட பைனாகுலர் வேண்டாம். ரோடு, குப்பைக் கிடங்கு, ஐ.டி. கம்பெனி, காலேஜ், அபார்ட்மென்ட்.

சார் கையை நீட்டி, "அதோ அந்த பில்டிங் இருக்கற இடமெல்லாம் நான் வந்த புதுசுல தண்ணி. வாத்து இறங்கும்" என்றார்.

"அதுல மூணாவது பிளாக் எங்க வீடு சார்" என்றான் படகு.

கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. லாரி சத்தம் மட்டும்.

இப்போது பட்டப்பெயர் கதை. 2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது அவன் அஞ்சாங் கிளாஸ். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டில்ட் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர். விடிந்தால் கார் கூரை மட்டும் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து மீனவர்கள் படகோடு வந்து, முதல் மாடி பால்கனி வழியாக அவனையும் பாட்டியையும் இறக்கினார்கள். காலேஜில் ஃபர்ஸ்ட் இயர் ராகிங் இன்ட்ரோவில் இந்தக் கதையைச் சொல்ல, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'படகு'. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே கதை. புதுக் காரும் போச்சு. நாலு நாள் கரன்ட் இல்லை. நாங்கள்தான் பிரெட், கேண்டில் எல்லாம் வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போனோம்.

"எல்லாரும் ஈஸியா கேக்கறாங்க சார், 'சதுப்பு நிலத்துல யாரு வீடு வாங்கச் சொன்னது'ன்னு. எங்கப்பா வாங்கும்போது அப்ரூவல் இருந்துச்சு. பேங்க் லோன் குடுத்துச்சு. இருபது வருஷ இ.எம்.ஐ. இன்னும் முடியல. அவர் என்ன கொக்கை விரட்டிட்டா கட்டினாரு? கட்டி வித்ததை வாங்கினாரு. இப்ப கோர்ட்ல கேஸு, பேப்பர்ல நியூஸ்னு எதைப் பாத்தாலும் அவருக்கு பி.பி. ஏறுது."

அவன் சொல்வது நிஜம். 2025-ல் சதுப்பு நிலத்தைச் சுற்றிப் புதுக் கட்டடங்களுக்கு அனுமதி தருவது பற்றிய வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் பெரிய செய்தியானது. இந்தப் பக்கம் பறவை பார்க்கிறவர்களின் கோபம். அந்தப் பக்கம் ஆயுசு முழுக்கச் சம்பாதித்ததை ஒரு ஃப்ளாட்டில் போட்டவர்களின் பயம். இரண்டு பேரும் பேசுவது ஒரே தண்ணீரைப் பற்றித்தான். ஆனால், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதே இல்லை.

சார் அவன் தோளில் கை போட்டார். "நீ சொல்றது நியாயம்ப்பா. கட்டின வீட்டைத் தூக்கிட்டுப் போக முடியாது. இனிமே வர்ற தண்ணி எங்க நிக்கும்? அதை மட்டும்தான் கேக்கணும்."

படகு ரோஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சார், அந்த ரோஸ் கால் பறவை... ஸ்டில்ட். எங்க பிளாக் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு. காம்பவுண்டுக்குள்ளயே. அங்க அது மழைக்கு அப்புறம் வந்து நிக்கும். நாங்க அந்தப் பள்ளத்தைத்தான் மண்ணு கொட்டி மூடப்போறோம். ஷட்டில் கோர்ட் வருது."

ஷட்டில் கோர்ட் வேண்டும் என்று அசோசியேஷனில் ஒரு வருஷமாகச் சண்டை போட்டதே அவன்தான். அவனுடைய அப்பாதான் செகரெட்டரி!

ஒரு மடுவு, ஒரு பனங்கிழங்கு

துரைப்பாக்கம் வந்து ஓ.எம்.ஆரில் தெற்கே திரும்பினால் ஒக்கியம் மடுவு. பாலத்தைக் கவனிக்காமலே தினமும் ஆயிரக்கணக்கான பேர் தாண்டிப் போகிறார்கள். அவ்வளவு பெரிய சதுப்பு நிலத்தின் தண்ணீர் கடலுக்குப் போகத் தேடி வருகிற வாசல் இது. தியேட்டரில் படம் முடிந்ததும் ஒரே ஒரு கதவைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? பெருமழையில் அந்தக் கதி. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். எங்களில் ஒருத்திக்கு சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைத்திருப்பது அதில் ஒன்றில்தான். "எத்தனாவது ஃப்ளோர்?" என்று கேட்டான் படகு. "ஆறு." "அப்ப ஓகே!" அன்றைக்கு அவன் அடித்த முதல் ஜோக்.

ஒன்பதரைக்கு கேளம்பாக்கத்தில் பொங்கல், வடை. ஏழு பேர் சாப்பிட்ட வேகத்தில் சர்வருக்கே சந்தேகம், நாங்கள் சைபீரியாவிலிருந்து பறந்து வந்தோமா என்று. பிறகு கோவளம் ரோடு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பங்கழி. பழுப்புத்தலை கடற்காகங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. பெயரில் 'கடல்' இருந்தாலும் இவை குஞ்சு பொரிப்பது திபெத், லடாக் மாதிரி மேட்டு நிலத்து ஏரிகளில். பெயரில் 'பழுப்புத்தலை' என்று இருந்தாலும் தலை வெள்ளையாக இருந்தது. குளிர்காலத்தில் பழுப்பு போய்விடுமாம். காதுப் பக்கம் ஒரு கறுப்புப் புள்ளிதான் மிச்சம்.

இவ்வளவு தூரம் எப்படி சார்ஜ் போடாமல் வருகின்றன? 2022-ல் பட்டைவால் மூக்கன் ஒன்று, அஞ்சு மாசக் குஞ்சு, முதுகில் சாட்டிலைட் டேக்கோடு அலாஸ்காவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. சுமார் 13,560 கிலோமீட்டர். 11 நாள். நடுவில் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. கிளம்புகிறதுக்கு முன்னாடி உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்புதான் பெட்ரோல். நம்ம ஊருக்கு வருகிறவை மத்திய ஆசிய வான்பாதை என்கிற ரூட்டில் வருகின்றன. 30 நாடுகளைத் தொடுகிற பாதை அது. வழியில் இறங்கித் தின்ன ஏரிகள் இருந்தால்தான் டேங்க் நிரம்பும். மார்ச்சில் பெரும்பாக்கத்துக் கொசு உள்ளான் கிளம்பும்போது அதன் உடம்பில் இருக்கப்போகும் பெட்ரோலில் நம்ம ஊர்ச் சேற்றுக்கும் பங்கு உண்டு.

வழியில் பொங்கல் சீசனுக்கு வேகவைத்த பனங்கிழங்கு விற்றார்கள். சார் ஒன்றை வாங்கி, நீளவாக்கில் பிளந்து காட்டினார். "இது எந்தப் பறவையோட மூக்கு?" யாருக்கும் தெரியவில்லை. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டை ஞாபகப்படுத்தினார். வெளியூரில் வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டிருந்த ஏழைப் புலவர், பறக்கிற நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னார். ஸ்கூலில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி. கையில் கிழங்கை வைத்துக்கொண்டு தூரத்து நாரையைப் பார்த்தபோதுதான் புரிந்தது, மனுஷன் பைனாகுலர் இல்லாமலே என்ன பார்வை பார்த்திருக்கிறார்! பனங்கிழங்கு விளைகிற அதே வாடைக் காலத்தில்தான் வலசைப் பறவைகளும் இங்கே குவிகின்றன.

பன்னிரண்டு மணிக்கு லிஸ்ட்டைக் கூட்டிப் பார்த்தோம். 54 வகை. முதல் தடவைக்கு சூப்பர் என்றார் சார்.

இருபது லாரி தண்ணீர்

வழக்கமாக இப்படிப்பட்ட ட்ரிப் ஸ்டேட்டஸில் நாலு போட்டோவோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. புதன்கிழமை படகு என்னிடம் வந்தான். "மச்சி, உங்க லேப்ல அந்த டம்பி லெவல் தருவாங்களா?"

ஹெச்.ஓ.டி.க்கு லெட்டர், லேப் அசிஸ்டென்ட் அண்ணாவுக்கு இரண்டு டீ. அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு டிரைபாட், ஸ்டாஃப் சகிதம் இறங்கினோம். சதுப்பு நிலத் தண்ணீர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, தெருவழியாக ரீடிங் எடுத்துக்கொண்டே அவன் வீட்டுப் பின்பக்கப் பள்ளம் வரை. தெருவில் போன ஒரு தாத்தா, "ரோடு எப்ப தம்பி போடுவீங்க?" என்று கேட்டார். 'நாங்க பசங்க தாத்தா' என்றால் நம்பவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால், பள்ளத்தின் அடிமட்டமும் சதுப்பு நிலத் தண்ணீர் மட்டமும் ஏறக்குறைய ஒன்று. அதாவது, கழுவெளியின் ஒரு துண்டு காம்பவுண்டுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிங் தரை அதைவிட உயரம்தான். எவ்வளவு உயரம்? ஒரு நெடுங்கால் உள்ளான் நிமிர்ந்து நின்றால் எவ்வளவோ, அவ்வளவு.

பள்ளம் சுமாராக 30 மீட்டருக்கு 20 மீட்டர். சராசரி ஆழம் 40 சென்டிமீட்டர். பெருக்கினால் 240 கன மீட்டர். 2,40,000 லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருபது! பள்ளத்தை மூடிவிட்டால் அந்த இருபது லாரித் தண்ணீரும் அடுத்த மழைக்கு வேறு இடம் தேடும். பக்கத்தில் இருக்கிற அடுத்த பள்ளம் எது? பார்க்கிங்.

இந்த பேப்பரோடு படகு அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து நின்றான். தலைமை தாங்கியவர் அப்பா. சும்மா விடுவார்களா? "கொசு வருதே, நீயா வந்து அடிப்ப?" என்றார் ஒரு ஆன்ட்டி. "2015 மழைக்கு உன் பள்ளம் தாங்குமா?" என்றார் ஒரு அங்கிள். அவன் மழுப்பவில்லை. "தாங்காது அங்கிள். அந்த மழைக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனா, வருஷா வருஷம் வர்ற ஐப்பசி மழைக்கு பார்க்கிங்ல தண்ணி ஏறாம இது தாங்கும்" என்றான். கொசுவுக்கு, செடியை வெட்டிச் சுத்தமாக வைக்க ஒத்துக்கொண்டான். வேடந்தாங்கல் கதையையும் எடுத்துவிட்டான். 1798-லேயே அந்த ஊர் ஜனங்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று இங்கிலீஷ் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். காரணம், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயல் செழிக்கும். "அவங்க பறவை மேல இருந்த பாசத்துல மட்டும் செய்யல. தங்களோட லாபத்தையும் பாத்தாங்க. நாமளும் பாப்போமே!"

கை தூக்கச் சொன்னதில், மூட வேண்டாம் என்ற பக்கம் இரண்டு கை அதிகம். இரண்டில் ஒன்று அவன் அப்பாவுடையது. நிரந்தர முடிவெல்லாம் இல்லை. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மறுபடி பேசுவார்களாம். மண் லாரி கேன்சல். ஷட்டில் கோர்ட்டும் கேன்சல். படகு இப்போது எங்கள் ஹாஸ்டல் கோர்ட்டுக்கு வந்து ஓசியில் ஆடுகிறான்.

நீங்களும் கிளம்பலாம்!

இதற்குப் பெரிய செலவு கிடையாது. நாலு பேருக்கு ஒரு பைனாகுலர் போதும். 8x42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். முதல் தடவைக்கு அதுவே தாராளம். மஞ்சள், சிவப்பு டி-ஷர்ட்டை வீட்டில் விட்டுவிடுங்கள். சேற்றில் இறங்காதீர்கள். பறவையைப் பறக்கவைத்து போட்டோ எடுக்கக் கல்லெறிகிற ஃப்ரெண்ட் இருந்தால், அவனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பார்த்ததை இ-பேர்ட் ஆப்பில் பதிவு செய்யலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-ல் ஆரம்பித்தது. நின்ற இடத்தில் பதினைந்து நிமிஷம் பறவைகளை எண்ணினாலே நீங்களும் அதில் சேர்த்தி. சென்னைதான் என்று இல்லை. கோவைக்குச் சிங்காநல்லூர் குளம், திருப்பூருக்கு நஞ்சராயன் குளம், நெல்லைக்குக் கூந்தன்குளம் என்று உங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு தண்ணீர் இருக்கும்.

கடைசியாக, ஓ.எம்.ஆர். கனவில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு சிவில் ஸ்டூடன்ட்டின் ஃப்ரீ அட்வைஸ். ரூமுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, தை மாசத்தில் ஒரு நாள் காலையில் போய்ப் பக்கத்துக் காலிமனையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மாட்டுக்குப் பக்கத்தில் உண்ணிக்கொக்கு நின்றால், வாடகையைப் பேரம் பேசுங்கள். நெடுங்கால் உள்ளான் நின்றால், மாடியில் ரூம் கேளுங்கள். அந்தக் காலிமனையை மூட மண் லாரி வந்தால், ஹவுஸ் ஓனரைக் கூட்டிப் போய் அந்த ரோஸ் கால்களைக் காட்டுங்கள்.